முப்பது சதவீதக்காரி

ஜூலை 28, ஞாயிறு

இன்று காலை என் வீட்டுக் கூடத்தில், என் சோபாவில் சாய்ந்து, என் மனைவி போட்ட காபியை உறிஞ்சிக்கொண்டே, என் அக்கா மகன் சிபிச்சக்கரவர்த்தி என் மீது போர் தொடுத்துவிட்டான். ஆகவே டைரி எழுதத் தொடங்குகிறேன். மாமன்னர்கள் ஜெயித்த பிறகு கல்லில் வெட்டச் சொன்னார்கள். நான் ஜெயிப்பதற்கு முன்பே பேனாவில் எழுதிவிடுகிறேன். எனக்கும் அவர்களுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஆவாரம்பாளையம் ராக்கியப்பன். கல்லரசு கிரைண்டர்ஸ் பிரைவேட் லிமிடெட்டின் டைரக்டர், மற்றும் வாடிக்கையாளர் நலத் தளபதி. இரண்டாவது பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக எவரும் ஆட்சேபிக்கவில்லை. மச்சான் அவினாசியப்பன் இரும்பையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டார், நான் ஜனங்களைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் கிரைண்டரில் குழவி சுற்றத் தொடங்கினால் மருதமலை முருகன் எழுந்து உட்கார்ந்து, “இன்னைக்கு யார் வூட்ல இட்லி?” என்று விசாரிப்பார். ஊரெல்லாம் மேஜை மேல் வைக்கிற சுண்டைக்காய் கிரைண்டர்கள் வந்தபோதும் நான் கம்பெனியை அந்தப் பக்கம் திரும்பவிடவில்லை. கல் என்றால் கல்லாக இருக்க வேண்டும்.

மச்சான் போன பிறகு அவர் நாற்காலியில் மகன் சிபி. இன்று லேப்டாப்பை எங்கள் டிவியில் மாட்டி வட்டம் வட்டமாகக் காட்டினான். ஒரு வட்டத்தில் ‘புதுமை’. அங்கிருந்து ஒரு அம்பு கிளம்பி ‘வாடிக்கையாளருக்கு மதிப்பு’ என்ற வட்டத்தைக் குத்துகிறது. அதிலிருந்து இன்னொரு அம்பு கிளம்பி ‘பங்குதாரருக்கு மதிப்பு’ என்ற வட்டத்தைக் குத்துகிறது. கடைசியில் எல்லா அம்பும் என்னைத்தான் குத்தின.

“மாமா, கஸ்டமருக்கு ஒரு கஷ்டம் குறையோணும். குறைஞ்சாத்தான் வாங்குவாங்க. வாங்கினாத்தானுங் பங்குக்காரங்களுக்கு எதாவது மிஞ்சும். ரெண்டும் வேற வேற இல்லீங்.”

“கஷ்டமா? நம்ம கிரைண்டர்லயா? என்னறா கண்ணு கஷ்டம்?”

“கல்லு கனம் மாமா.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பூப்போன்ற கல்லைப் போய்க் கனம் என்கிறான்!

அவன் கொண்டுவரப் போவது ‘சிட்டு’ என்ற ஒன்று. கைப்பிடியைத் திருப்பினால் குழவி தானே மேலே ஏறி நின்றுகொள்ளுமாம். டிரம் தானே சாய்ந்து மாவை ஊற்றிவிட்டுத் தன்னைத்தானே கழுவியும் கொள்ளுமாம். கல் தேய்ந்தால் கொத்த வேண்டாம், வேறு கல் மாட்டிக்கொள்ளலாமாம். அதனால் பழைய மாடல் தீபாவளியோடு நிறுத்தம். வீதி வீதியாகப் போய் இலவசமாகக் கல் கொத்திக் கொடுக்கும் என் சர்வீஸ் வேனும் நிறுத்தம். செப்டம்பர் 22, பொதுக்குழுவில் முடிவு.

வேனை நிறுத்துவது என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதில் மைக் பிடித்து நான் வாக்குக் கொடுக்காத தெரு இந்த ஜில்லாவில் இல்லை. “கல்லு இருக்கிற வரைக்கும் கல்லரசு வருவான்!”

கிளம்பும்போது சிபி, “அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?” என்று மயிலாத்தாளைக் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். அவள் சொல்ல வந்ததை நானே இன்னும் விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 29, திங்கள்

எதிர்ப்பைத் தெரிவிக்கும் விதமாக இரண்டு தோசை குறைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. மாலை பஜ்ஜியில் ஈடுகட்டினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அன்னூர்ப் பக்கம் வேன் உலா. டிரைவர் ஜபருல்லா ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டான். “கல்லரசு வந்தாச்சுங்கோ! கல்லு கொத்தறது, மோட்டார் பார்க்கறது, எல்லாம் இலவசமுங்கோ!” என் குரல் கேட்டதும் மாடுகள் கூடுதலாக ஒரு படி பால் கறந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். (யாரும் சொல்லவில்லை, சொல்லத் தயங்கியிருப்பார்கள்.)

மூன்று தெருவில் ஒரே ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஒரு அம்மா. கிரைண்டரைத் திறந்து பார்த்தால் டிரம் நிறையச் சின்ன வெங்காயம்.

“இதுல மாவாட்டறது இல்லீங்களா?” என்றான் ஜபருல்லா.

“குழவியத் தூக்கமாட்டாம விட்டுட்டனுங். பாக்கெட் மாவுதான். வெங்காயம் இதுல போட்டா மொளைக்கறதில்லீங், நெம்ப நல்லா இருக்குது.”

நான் நெகிழ்ந்துபோனேன். ஒரு சாதனம் தன் வேலையைத் தாண்டியும் குடும்பத்துக்கு உழைக்கிறது! எந்தக் கம்பெனிக்கு இந்தப் பெருமை கிடைக்கும்? இதைத்தான் சிபியின் வட்டங்களில் போட வேண்டும்.

திரும்பும் வழியில் ஜபருல்லா கேட்டான், “அண்ணா, அப்ப நாம இன்னைக்கு வெங்காயத்துக்கா சர்வீஸ் பண்ணுனோம்?”

ஆசாமி நல்லவன்தான். தொலைநோக்கு கிடையாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மயிலாத்தாள் வழக்கம்போல் கோயிலுக்குப் போனாள். தை மாதத்திலிருந்து ஒரு வெள்ளி தவறவில்லை. போனால் அரை நாள். வந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசிவிடுவாள். கம்பெனிக்காகத்தான் வேண்டுதல் என்று எனக்குத் தெரியும். கேட்டு அவளைச் சங்கடப்படுத்துவதில்லை.

இன்று அவள் வளையலில் உளுந்து மாவு ஒட்டியிருந்தது. அம்மனுக்கு வடைமாலைக் கைங்கரியம் செய்கிறாள் போல. இப்படி ஒரு பக்தி என் குடும்பத்தில் விளைந்ததற்கு நானே காரணம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அதனால் டைரியில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தாராபுரம் போய் மூர்த்தியண்ணனைப் பார்த்தேன். மச்சானின் சித்தப்பா மகன், கம்பெனியில் மூன்றாவது பங்குக்காரர். எலும்புக் குழம்பும் கோழி வறுவலுமாக ராணுவக் கூட்டணி கையெழுத்தானது.

கூட்டல் கணக்கு எளிது. சிபியிடம் நூற்றுக்கு நாற்பத்தைந்து. மூர்த்தியண்ணனிடம் இருபத்தைந்து. எங்களிடம் முப்பது. நாங்கள் இருவரும் சேர்ந்தால் சிபியின் சிட்டு பறப்பதற்கு முன்பே கூண்டு.

அண்ணன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், “அந்த முப்பதும் மயிலாத்தா பேர்லதான இருக்குது?”

“பேருக்குத்தானுங் அவ பேர்ல. ஏழரைச் சனி புடிச்சப்ப ஜோசியன் எம் பேர்ல துரும்புகூட இருக்கப்படாதுன்னுட்டான். வீடு, ஸ்கூட்டர், பங்கு எல்லாத்தையும் அவ பேருக்கு மாத்தீட்டன். சனி என்னைத் தேடி வந்து பார்த்தான், ஒண்ணுமே இல்லீன்னு சத்தமில்லாம பொட்டாட்டப் போயிட்டான்.”

“சனி போயி எத்தனை வருசமாச்சு? திருப்பி மாத்திக்கலியா?”

“புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னுங்கண்ணா காகிதம்?”

“அது சரி. மயிலாத்தா என்ன சொல்லுது?”

“அவ சொல்றதுக்கு இதுல என்னுங் இருக்குது?”

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு குழம்பைப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். வயசாகிறது அவருக்கு.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒரு சிறு விபத்து. வரலாற்று முக்கியத்துவம் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மயிலாத்தாள் மாவை வழித்து எடுத்துவிட்டு, “ஏனுங்க, தோள் இன்னைக்குப் புடிச்சுக்கிச்சு. அந்தக் குழவிய மட்டும் தூக்கித் தொட்டிக்கிட்ட வெச்சுக் குடுக்கறீங்களா?” என்றாள். அவளுக்குத் தைலம் பூசிக்கொள்வதில் ஒரு பிரியம் உண்டு. ரொம்ப வருஷமாகப் பூசுகிறாள். அந்த வாசனை பிடிக்கும் போல.

சரி, ஒரு விளையாட்டாக இருக்கட்டும் என்று குனிந்து தூக்கினேன். தூக்கினேன் என்பது வரை நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

படுக்கை. அசைந்தால் ஆகாயத்தில் பகல் நட்சத்திரம் தெரிகிறது. கல் மீது ஒரு குற்றமும் இல்லை. சமையலறைத் தரைதான் வாட்டம் சரியில்லை. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்னும் படுக்கை. மயிலாத்தாள் முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். இடது கையால் தேய்த்தாள். “வலது கை என்னாச்சு?” என்றேன். “தோளுக்கு மேல வரமாட்டீங்குது. அஞ்சாறு வருசமாச்சுங்க” என்றாள்.

அஞ்சாறு வருஷமா? என்னிடம் சொன்னதாக நினைவில்லை.

தைலத்துக்கு வாசனை ஒன்றும் பிரமாதமாக இல்லை. மூக்கு எரிகிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுந்து நடமாடுகிறேன். நாட்டுக்கு நற்செய்தி.

மாலை ஜபருல்லா வந்தான். தலையைச் சொறிந்தபடி, “அண்ணா, மயிலாத்தாக்காவ நம்ம கம்பெனி கேட்டுல பார்த்தனுங். போன வெள்ளியும் பார்த்தனுங். உள்ள போனாங்க” என்றான்.

ஒரு நொடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் மண்டைக்குள் ஆயிரம் விளக்கு எரிந்தது. உளவு! கோயில் என்று சொல்லிவிட்டு எதிரியின் கோட்டைக்குள்ளேயே போய்த் தகவல் திரட்டுகிறாள், என் மயிலு! நான் கேட்காமலேயே! எந்தச் சக்கரவர்த்திக்கு இப்படி ஒரு பட்டத்தரசி வாய்த்தாள்?

“அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்ளேன்” என்றான் ஜபருல்லா.

“முட்டாளே, ஒற்றரை யாராவது நடுவில் கேள்வி கேட்பார்களா?”

அவள் வந்து திருநீறு பூசியபோது அர்த்தத்தோடு கண்ணடித்தேன். “கண்ணுல தூசுங்களா?” என்றாள். என்ன ஒரு நடிப்பு!

செப்டம்பர் 15, ஞாயிறு

சொற்பொழிவு தயார். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். ‘வாடிக்கையாளர் என்றால் யார்?’ என்று ஆரம்பிக்கிறேன். அங்கே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அழுகைச் சத்தம் கேட்க வேண்டும்.

மயிலாத்தாளிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். காய் நறுக்கிக்கொண்டேதான், ஆனாலும் கேட்டாள்.

“எப்படி?”

“நல்லாத்தானுங்க இருக்குது. வாடிக்கையாளர் யாருன்னு கேட்டுப்போட்டு, யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே?”

பெண்களுக்கு இலக்கியம் புரிவது கடினம். சொல்லாமல் விடுவதுதான் அதன் அழகு.

“ஏனுங்க,” என்றாள் மறுபடியும். “உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்.”

“தெரியும் கண்ணு, எல்லாம் தெரியும். இருபத்தி ரெண்டாந்தேதி வரைக்கும் வாயைத் திறக்காதே” என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் தோற்ற அன்று எழுதாத டைரி எதற்கு?

எங்கள் பொதுக்குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். மச்சான் இரண்டு வார்த்தை, நான் இரண்டாயிரம் வார்த்தை. பிறகு இலை. பாயசம் முடிந்ததும் கை கழுவின ஈரத்தோடு எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். முப்பது வருஷத்தில் ஓட்டு என்ற ஒன்று நடந்ததே இல்லை. இன்று, நான் கேட்டுக்கொண்டபடி, சாப்பாட்டுக்கு முன்பே ஓட்டு. பாயசம் ஜனங்களை இளக்கிவிடும் என்று பயந்தவன் நான்தான்.

பேசினேன். மேசையைத் தட்டினேன். டம்ளர் விழுந்தது. வாடிக்கையாளர் என்றால் யார் என்று கேட்டேன். இடைவெளி விட்டேன். சமையல்காரர் அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்டது.

சிபி எழுந்து என்னை வணங்கிவிட்டு, “பங்குதாரருங்க கை தூக்குங்க. சிட்டுக்கு ஆதரவா நான்” என்று கையைத் தூக்கினான். மூர்த்தியண்ணன் எதிர்த்துத் தூக்கினார். நானும் தூக்கினேன். சிபி தயங்கித் தயங்கி, “மாமா, உங்க பேர்ல பங்கு இல்லீங். அத்தை சொல்லோணும்” என்றான்.

“அதனாலென்ன? சொல்லு கண்ணு” என்று கையை இறக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். மீசையைக்கூட ஒதுக்கிவிட்டேன்.

மயிலாத்தாள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“எனக்குக் கை மேல வராதுங்க. வாயிலயே சொல்லீர்றன். சிட்டே வரட்டுங்.”

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். “கண்ணு, மாத்திச் சொல்லிட்டே.”

“மாத்தலீங்க.”

சிபியே நம்பவில்லை. “அத்தை... முப்பதுமுங்களா?”

“பாதிய வெச்சுக்கிட்டு நான் என்ன சாமி பண்றது? முப்பதுந்தான்.”

அவ்வளவுதான். மருதமலை இடிந்து விழவில்லை. நொய்யல் திசை மாறவில்லை. உள்ளே அப்பளம் பொரிந்துகொண்டே இருந்தது.

இலை போட்டார்கள். எழுந்து போயிருப்பேன், முதுகு விடவில்லை. சிபி தன் கையால் என் இலையில் ஜாங்கிரி வைத்தான். “இன்னொண்ணு வைக்கட்டுங்களா மாமா?” என்றான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஜாங்கிரிக்கு என்ன பதில் சொல்வது?

செப்டம்பர் 23, திங்கள்

பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒற்றர் படை. தூ.

செப்டம்பர் 25, புதன்

இன்று பேசிவிட்டேன். மூன்று நாள் மௌனத்தில் எனக்குத்தான் தொண்டை கட்டிப்போனது.

“தை மாசத்திலேர்ந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்கே போனாய்?”

“கம்பெனிக்குங்க.”

“கோயிலுக்கு என்றாயே!”

“கம்பெனி வாசல்ல இருக்கிற பிள்ளையார்கிட்டப் போயிட்டுத்தானுங்க உள்ள போவேன். திருநீறு அவருதுதான்.”

ஒன்பது மாதமாக என் நெற்றியில் எதிரியின் வாசல் சாம்பலைப் பூசிவிட்டிருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்று வாங்கியிருக்கிறேன்.

சிபிதான் கூப்பிட்டானாம். அத்தை, தினம் இதோட மல்லுக்கட்டறது நீங்கதான், வந்து பாருங்க என்று. முதலில் செய்த கைப்பிடி இறுக்கமாக இருந்ததாம். இவள் சொல்ல, மாற்றினார்களாம். டிரம் சாய்கிறபோது மாவு விளிம்பில் வழிந்ததாம். இவள் சொல்ல, மூக்கு மாதிரி ஒரு மடிப்பு வைத்தார்களாம். “மூணு வாட்டி பிரிச்சு மாட்டுனாங்க, நான் சொன்னேன்னு” என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை.

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னனுங்க. வருசாவருசம் கல்லு கனமா இருக்குதுன்னு சொன்னேன். நீங்க மைக்ல இருந்தீங்க.”

“ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தவன் நான்! அந்த வாக்கு என்னாவது?”

“எனக்குந்தான் குடுத்தீங்க. கல்லு பூவாட்டம் இருக்கும்னு.”

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எத்தனையோ ஊர்களை மைக்கில் மயக்கியவன் நான். ஐந்தே வார்த்தை பேசி என்னை நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

ஆயினும் எழுதுகிறேன்: வெளியே தோற்றிருந்தால் நெஞ்சு இப்படிக் காந்தியிருக்காது. அவள் அங்கே சிரித்துப் பேசி, கைப்பிடியைப் பற்றி யோசனை சொல்லி, நாலு பேர் அதைக் கேட்டு எழுதிக்கொண்ட வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் நான் இங்கே அவளுடைய பக்திக்குப் பெருமைப்பட்டுக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மயிலாத்தாள் இருக்கிறாள். எனக்குத்தான் அறிமுகமில்லை.

அக்டோபர் 3, வியாழன்

வேனை விற்பதற்கு முன் கடைசி உலா. என் ஜனங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்பது என் கடமை. கோவில்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் மைக் இல்லாமல் நின்று, தழுதழுத்த குரலில் சொன்னேன்: “அம்மா, இனிமே கல்லரசு வண்டி வராதுங்க. என்னை மன்னிக்கோணும்.”

“வராதுங்களா? நெசமாவா?” என்றாள் அந்தப் பெண். உள்ளே திரும்பி, “ஏனுங்க, அந்த மைக் வண்டி இனிமே வராதாமா! பாப்பா மத்தியானம் நல்லாத் தூங்கும்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “புதுசா ஒண்ணு வருதாமே, தூக்காம கழுவறது? எப்பங்க வரும்?” என்று கேட்டாள்.

ஜபருல்லா வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ப்ரூட்டஸ் கூட்டம் கூட்டமாக அலைகிறது இந்தக் கொங்கு நாட்டில்.

அக்டோபர் 4, வெள்ளி

“கம்பெனிக்குப் போயிட்டு வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது பொய் சொல்வதுகூட இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

சென்னையில் பெரிய பொருட்காட்சியாம். சிட்டு அங்கே அரங்கேறுகிறதாம். செய்து காட்ட அத்தைதான் வர வேண்டும் என்று சிபி வந்து நின்றான். அவள் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை என்று நினைத்துக் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினேன். “மேல இருக்கற அந்த நீலப் பெட்டிய எடுத்துக் குடுங்க. எனக்குக் கை வராது” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

போய்விட்டாள். போவதற்கு முன் சமையலறையில் ஒரு சிட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய கல்லரசை ஜபருல்லாவும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கி வெளியே வைத்தார்கள். இரண்டு பேர். இதையும் எழுதிவைக்கிறேன், பாரபட்சமில்லாமல்.

ஓட்டலில் சாப்பிட்டேன். ராஜ்ஜியம் இழந்த மன்னர்கள் காட்டுக்குப் போனார்கள். நான் காந்திபுரம் போனேன்.

அக்டோபர் 19, சனி

ஓட்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை. நானே மாவாட்டுவதென்று முடிவெடுத்தேன். முப்பது வருஷம் கிரைண்டர் விற்றவனுக்கு மாவாட்டுவது ஒரு விஷயமா? அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஊறும் என்று ஒரு புதுமையும் செய்தேன். ஸ்விட்சைப் போட்டேன். குழவி சுற்றியது. ஓசையே இல்லை. எங்கள் கல்லரசு ஓடினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இது ஏதோ ரகசியம் பேசுவதுபோல் ஓடுகிறது.

அப்புறம் எதை எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. போன் செய்தேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

“என்னுங்க?”

“ஒன்றுமில்லை. சும்மா. மாவு எப்போது... அதாவது, ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார்.”

“தண்ணி எவ்வளவுங்க ஊத்துனீங்க?”

“அவர் ஒரு சொம்பு ஊற்றினாராம்.”

“அரிசியும் உளுந்தும் தனித்தனியாப் போட்டாருங்களா?”

“...இல்லையாம்.”

“லைன்லயே இருங்க, இங்க ஒரு அம்மா கேட்கறாங்க” என்றாள். பிறகு அவள் குரல் பெரிதாகக் கேட்டது, மைக்கில்: “இல்லீங்க, தூக்கவே வேண்டாம். இப்படித் திருப்புனாப் போதும். எனக்கே தோள் வராது, பாருங்க.” கை தட்டினார்கள். அவள் பேசப் பேச நான் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன். ரத்தினச் சுருக்கமாகப் பேசுகிறாள். மூச்சு விடத் தெரிந்திருக்கிறது. நான் முப்பது வருஷம் பேசி இவ்வளவு கைதட்டு வாங்கியதில்லை என்பதை இந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி லைனுக்கு வர மறந்துவிட்டாள். நானே வைத்தேன்.

கைப்பிடியைத் திருப்பினேன். ஒரு விரல்தான் வைத்தேன், சத்தியமாக. குழவி தானே எழும்பி நின்றுகொண்டது. என் முதுகு சும்மா இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

மாவு பொங்கவில்லை. ஆனாலும் ஊற்றினேன். இட்லி தட்டையாக, சாம்பல் நிறத்தில், சுவரில் எறிந்தால் சுவர் வருத்தப்படும் பக்குவத்தில் வந்தது. ஐந்து தின்றேன். ஆறாவதைக் கடிக்க முடியவில்லை.

பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். “நேத்து மறந்துட்டனுங்க. அந்த வாடிக்கையாளருக்கு இட்லி எப்படிங்க வந்துச்சாம்?”

“பஞ்சு மாதிரி வந்ததாம்” என்றேன்.

“நல்லதுங்க. இங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொல்றாங்க.”

“இருந்துவிட்டு வா. கம்பெனி விஷயம்.”

போனை வைத்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். நான் இதுவரை ஆயிரம் வீட்டு வாசலில் நின்று, “உங்க குறையச் சொல்லுங்க, கேட்கத்தான் வந்திருக்கறன்” என்று கேட்டவன். இன்றைக்கு எனக்கு நிறையக் குறை இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்பதுகூடத் தயாராக இருந்தது.

கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.